மரபு வில்லாளிகளில் யார் முதலிடம்? பழைய ஆட்கள் நிஜமாகவே இன்றைய ஆட்களைவிடச் சிறந்தவர்களா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சைட் (குறிபார்க்கும் கருவி), கப்பி, ஸ்டெபிலைசர் (வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் தண்டு) எதுவும் இல்லாத மரபு வில்லை வைத்துக்கொண்டு எய்தவர்களில், அன்றும் இன்றும் சேர்த்துப் பார்த்தால் யார் முதலிடம்? ஹோவர்ட் ஹில், ஃபிரெட் பேர், இஷி, பைரன் ஃபெர்குசன், லார்ஸ் ஆண்டர்சன் என்று ஐந்து பேரைச் சொல்லி வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசி வரியில், "பழைய ஆட்கள் உண்மையிலேயே இவ்வளவு கெட்டிக்காரர்களா, இல்லை சொல்லிச் சொல்லிக் கதை பெரிதாகிவிட்டதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதை விட்டுவிட்டு வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே வேறொருவர் வேறு வரிசை தருவார். அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பல வருடங்களாகச் சைட் இல்லாத ரிகர்வ் வில்லும் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) மரவில்லும் எய்கிறேன், பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுக்கிறேன். ஆனால் வேட்டையாடியது இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வழியும் இல்லை, எனக்கு அந்த ஆசையும் இல்லை. ஆகவே குறி, இழுப்பு, நாண் விடுவது பற்றிச் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன்; வேட்டை பற்றிச் சொல்வதை, வேட்டையாடியவர்களும் அருகிலிருந்து பார்த்தவர்களும் எழுதி வைத்ததிலிருந்து சொல்கிறேன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கதையையும் கணக்கையும் பிரித்துவிடலாம். நம் புறநானூற்றில் வன்பரணர் பாடும் கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அழகான பாட்டு. ஆனால் அது புலவர் கொடுத்த புகழ். அளந்து எழுதிய குறிப்பு இல்லை. 1185-ல் யாஷிமா போரில் கடலில் ஆடிக்கொண்டிருந்த படகின் மேல் கட்டியிருந்த விசிறியை நாசு நோ யோய்ச்சி எய்து வீழ்த்தியது ஜப்பானியப் போர்க்காவியத்தில் வருவது. ராபின் ஹூட் என்று ஒருவர் இருந்தாரா என்பதே உறுதியில்லை. இவர்களை மதிக்கலாம், பட்டியலில் சேர்க்க முடியாது.

கதைக்கும் கணக்குக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஆட்டோமன் சுல்தான் மூன்றாம் செலிம் 1798-ல் 972 கஜம் எய்தார், பிரிட்டிஷ் தூதர் ராபர்ட் ஐன்ஸ்லி நேரில் பார்த்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். சுல்தான் நல்ல வில்லாளி என்பதில் சந்தேகம் இல்லை. துருக்கிய வில் அவ்வளவு தூரம் எறியக்கூடியதுதான். ஆனால் ஐன்ஸ்லியின் பதவிக்காலம் 1794-க்கு முன்பே முடிந்துவிட்டது. அப்படியென்றால் ஆண்டு தப்பு, அல்லது சாட்சி தப்பு. அதற்குப் பக்கத்தில் இதை வையுங்கள்: லண்டனில் துருக்கியத் தூதரகச் செயலாளராக இருந்த மஹ்மூத் எஃபெண்டி 1790-களின் நடுவில் அந்த ஊர் வில்வித்தைச் சங்கத்தார் கண்ணெதிரே 482 கஜம் எய்தார். அவர்களே அளந்தார்கள். அவர்களில் யாருடைய யூ மரவில்லும் அந்தத் தூரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 482 என்பது 972-இல் ஏறக்குறைய பாதிதான். எனக்கு அந்தப் பாதிதான் பெரிசு, ஏனென்றால் அதற்கு ஆள் இருக்கிறது, அளவு இருக்கிறது.

அந்த இரண்டு வில்லுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். துருக்கிய வில்லின் நடுவில் மரம். வயிற்றுப்பக்கம், அதாவது எய்பவரைப் பார்த்த பக்கம், எருமைக் கொம்பு. முதுகுப்பக்கம் விலங்கின் தசைநாண். கொம்பு நெருக்கத்தைத் தாங்கும், தசைநாண் இழுப்பைத் தாங்கும். அதனால் குட்டையான வில்லையும் முறியாமல் நிறைய வளைக்கலாம். வில்லின் கைகள், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள், குட்டை, எடையும் குறைவு என்பதால் நாணை விட்டதும் அவை தங்களையே நகர்த்திக்கொள்ள வீணாக்கும் சக்தி குறைவு, அம்புக்குப் போவது அதிகம். ஒரே மரத்தில் செதுக்கிய ஆங்கில வில்லைத் தூரத்தில் இதோடு போட்டி போடச் சொல்வது நியாயமே இல்லை. தூரத்தை வைத்து ஆளை ஒப்பிடும்போது பாதி நேரம் நாம் ஒப்பிடுவது வில் செய்த கைவினைஞர்களைத்தான்.

சரி, காகிதத்தில் நிற்கும் கணக்குக்கு வருவோம். உங்கள் ஐந்து பேரில் இல்லாத ஒருவரை நான் கட்டாயம் சேர்ப்பேன்: ஹோரஸ் ஃபோர்டு. ஆங்கிலேயர். 1849 முதல் 1859 வரை இடைவிடாமல் தேசியச் சாம்பியன், பிறகு 1867-ல் இன்னொரு முறை. 1857-ல் செல்ட்டனத்தில் இரட்டை யார்க் சுற்று எய்தார். அந்தச் சுற்று என்றால் 100 கஜத்தில் 144, 80 கஜத்தில் 96, 60 கஜத்தில் 48, ஆக மொத்தம் 288 அம்புகள். அதில் 245 இலக்கில் தைத்தன, மதிப்பெண் 1251. மரவில், மர அம்பு, இறகு, சைட் கிடையாது. மர அம்பு எய்து பழகியவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். ஒரே கட்டு அம்பிலேயே ஒன்று கொஞ்சம் விறைப்பாக இருக்கும், இன்னொன்று ஈரம் குடித்து லேசாக வளைந்திருக்கும். நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை; வில்லின் கைப்பிடியைச் சுற்றி வளைந்து நெளிந்துதான் போகிறது. அந்த நெளிவு அம்புக்கு அம்பு மாறினால் 100 கஜத்தில் இலக்கின் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் அலையும். இன்றைய அலுமினிய, கார்பன் அம்புகளில் அந்தத் தொல்லை அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஃபோர்டு அதையும் சமாளித்து 85 சதவீதம் தைத்திருக்கிறார்.

ஃபோர்டு செய்த இன்னொரு காரியத்துக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம். அதுவரை ஆங்கிலேயர்கள் காது வரை இழுப்பார்கள். காதில் நிறுத்தினால் அம்பின் பின்முனை கண்ணுக்குப் பக்கவாட்டில் விலகிவிடும், அம்பு எந்தத் திசை பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஃபோர்டு கையைக் கீழே இறக்கி, அம்பு கண்ணுக்கு நேர் கீழே வரும்படி இழுத்தார், அதை எழுதியும் வைத்தார். இன்று ஒலிம்பிக் வில்லாளி தாடைக்குக் கீழே கையை நிறுத்துகிறாரே, அந்த வழக்கத்தில் ஃபோர்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது நான் எத்தனை தடவை படித்தாலும் பிரமித்துப்போகும் ஒன்று. கியோத்தோவில் சஞ்சூசங்கென்-டோ என்ற கோயில் இருக்கிறது. நீளமான மரக்கட்டடம், மேற்குத் தாழ்வாரம் மட்டும் ஏறக்குறைய 120 மீட்டர். அதன் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டு, மறுகோடிக்கு அம்பு போய்ச் சேரும்படி எய்ய வேண்டும். மேலே தாழ்வான கூரை, ஒரு பக்கம் சுவர். அம்பைத் தூக்கி எய்தால் உத்தரத்தில் தைக்கும், தாழ்த்தினால் தரையில் விழும், கொஞ்சம் விலகினால் தூணிலோ சுவரிலோ முடியும். கிட்டத்தட்டக் கிடைமட்டமாக அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் வில் பலமாக இருக்க வேண்டும். இதை ஒரு பகல் ஒரு இரவு, 24 மணி நேரம், விடாமல் எய்யும் போட்டி இருந்தது. 1669-ல் ஓவாரி பகுதியின் ஹோஷினோ கன்சாயெமோன் 10,542 அம்பு எய்து 8,000 அம்பைக் கடத்தினார். 1686-ல் கிஷூ பகுதியின் வாசா டைஹாச்சிரோ என்ற இளைஞர் 13,053 அம்பு எய்தார். 8,133 மறுகோடி சேர்ந்தன. அதை யாரும் முறியடிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை விநாடிக்கு ஓர் அம்பு, 24 மணி நேரம். அதில் பத்துக்கு ஆறுக்கு மேல் வெற்றி. நல்ல பயிற்சியுள்ள ஒருவர் ஒரு நாளில் சில நூறு அம்பு எய்தாலே தோள் கனத்து, நாண் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போகும். அப்புறம் என்ன நடக்கும் என்றால், முதுகுத் தசை வேலையை நிறுத்திக்கொள்ளும், கை மட்டும் இழுக்கும். நாணை விடுவதற்கு அரை நொடி முன்னால் இழுப்பு ஒரு அங்குலம் முன்னே தளர்ந்துவிடும். அந்த ஓர் அங்குலம் போனால் அந்தத் தாழ்வாரத்தில் அம்பு பாதி வழியில் தரை தட்டும். வாசாவுக்கு நடுவில் கை வீங்கிப்போக, போட்டியாளர் ஹோஷினோவே வந்து கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்றி விட்டார் என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். எண்கள் கதை இல்லை. ஓவாரி, கிஷூ என்ற இரண்டு பகுதிப் பிரபுக்களின் கௌரவப் போட்டி அது, ஒருவர் கணக்கை மற்றவர் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

வெறும் பலம் என்று எடுத்தால் பெயரே தெரியாதவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். 1545-ல் மூழ்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல் மேரி ரோஸ் 1982-ல் தூக்கி எடுக்கப்பட்டது. அந்தக் கப்பலிலிருந்து 170-க்கும் மேற்பட்ட வில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. அந்த வில்கள் சுமார் 100 முதல் 185 பவுண்டு வரை இழுவிசை கொண்டவை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நான் புதிதாக வரும் பிள்ளைக்கு 20 பவுண்டு வில் கொடுப்பேன். ஒலிம்பிக் ஆண்கள் 50 பவுண்டு வாக்கில் எய்கிறார்கள். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே இருந்தது. சிறுவயதிலிருந்து கனமான வில் இழுத்ததன் அடையாளம் அது என்று சொல்கிறார்கள். பொருத்தமான விளக்கம், ஆனால் முடிந்த முடிவு இல்லை. அதற்காக இன்றைய உடம்பால் முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 2004-ல் மார்க் ஸ்ட்ரெட்டன் 200 பவுண்டு ஆங்கில வில்லை முழுக்க இழுத்து எய்தார். அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உடம்பில் இல்லை. அன்று அப்படி இழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள், இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது ஹோவர்ட் ஹில். 1899-ல் அலபாமாவில் பிறந்தவர். மற்றவர்கள் இழுக்கவே தயங்கும் கனத்த லாங்போவை, அதாவது நீளமான ஆங்கில வகை வில்லை, சுலபமாகக் கையாண்டார். 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தில் வில் வேலை அவருடையது. ஆடைக்குள் இரும்புத் தகடும் மரமும் வைத்துக்கொண்டு நின்ற சண்டைக் கலைஞர்கள் மீது உண்மையான அம்பை எய்தார்; அப்படி ஒவ்வொரு அம்பு வாங்கிக்கொள்ளவும் அவர்களுக்கு 150 டாலர் கூலி. யோசித்துப் பாருங்கள், ஓடுகிற, குதிரைமேல் வருகிற மனிதனின் நெஞ்சில் ஒரு சிறு தகடு, அதற்கு வெளியே பட்டால் ஆள் செத்துப்போவான். அந்த அழுத்தத்தில் கை நடுங்காமல் நாணை விடுவது சாதாரணத் திறமை இல்லை. அவருடைய குறிபார்ப்பும் தெளிவான ஒரு முறை: கண் இலக்கைவிட்டு நகராது, ஆனால் ஓரப்பார்வையில் அம்பு நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கும். "உள்ளுணர்வால் எய்கிறேன்" என்று இன்று பலர் சொல்வதைவிட அது நேர்மையான விளக்கம். நான் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான்.

அவர் 196 போட்டிகளைத் தொடர்ச்சியாக வென்றார் என்று எங்கும் எழுதியிருக்கும். அவர் காலத்தில் அவரை வெல்ல ஆளில்லை என்பது சரி. ஆனால் 196 என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு நிலைத்த எண். ஃபோர்டின் 1251 மாதிரி எத்தனை அம்பு, என்ன தூரம் என்று கூடவே வரும் எண் இல்லை. படத்தில் ஓர் அம்பு இன்னோர் அம்பை நுனி முதல் அடி வரை பிளக்கும் காட்சியையும் அவர் கணக்கில் சேர்க்காதீர்கள். மர அம்பு நார் ஓடுகிற திசையில்தான் பிளக்கும், நார் எங்கே வெளியே போகிறதோ அங்கே பிளவும் வெளியேறிவிடும்.

ஃபெர்குசனும் ஆண்டர்சனும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பைரன் ஃபெர்குசன் மேலே எறியப்பட்ட ஆஸ்பிரின் மாத்திரையை லாங்போவால் அடிப்பவர். அது பொய்யில்லை, பார்வையாளர்கள் முன் பலமுறை செய்தது. தூரம் குறைவு, எறியும் விதம் பழகியது என்று சிலர் குறை சொல்வார்கள். குறைந்த தூரம்தான், ஆனாலும் மாத்திரை அளவு இலக்கு, அதுவும் நகர்கிறது. உங்கள் ஐந்து பேரில் இன்றைய ஆட்களில் அவருக்குத்தான் என் ஓட்டு. டென்மார்க்கின் லார்ஸ் ஆண்டர்சன் 2015-ல் வெளியிட்ட காணொளியில் காட்டும் வேகம் உண்மையான கைத்திறன். அம்புகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எய்வது பழைய அரபு நூல்களில் இருப்பதுதான். ஆனால் மறந்துபோன போர்க்கலையை மீட்டுவிட்டார் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. குறைவாக இழுத்து, கிட்டத்தில் இருந்து எய்யும்போது கிடைக்கும் வேகம் கவசம் போட்ட எதிரிக்கு முன்னால் உதவாது. மத்திய ஆசியாவிலும் கொரியாவிலும் துருக்கியிலும் அந்தக் கலைகளில் பல மறக்கப்படவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எய்வது பற்றி. வேட்டை வேறு. உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்திருப்பதால்தான் வரிசை குழம்புகிறது. 50 பவுண்டு மரபு வில்லிலிருந்து வேட்டை அம்பு நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 170 அடி வேகத்தில் போகும். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல். 50 கஜம் தள்ளி நிற்கும் மானுக்கு நாண் அதிரும் சத்தம் போய்ச் சேர்ந்து, அதன் பிறகு முக்கால் நொடிக்கும் மேல் கழித்துத்தான் அம்பு வரும். மான் ஓடுவதற்கு முன் உடம்பைத் தாழ்த்தித் துள்ளத் தயாராகும். அந்த இடைவெளியே அதற்குப் போதும், சரியாக எய்த அம்பும் முதுகுக்கு மேலே போய்விடும், இல்லை தப்பான இடத்தில் பட்டுக் காயம் மட்டும் ஆகும். அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை, இரத்தப்போக்கால் கொல்கிறது. நுரையீரலோ இதயமோ படவில்லை என்றால் விலங்கு நெடுந்தூரம் போய்ச் சித்திரவதைப்பட்டுச் சாகும். ஆகவே நல்ல வில் வேட்டைக்காரர் 20 கஜத்துக்குள் போகத் தெரிந்தவர். 80 கஜத்தில் விலங்கை அடித்தேன் என்று ஒருவர் பெருமை பேசினால் அவரை நல்ல வில்லாளி என்று வேண்டுமானால் சொல்வேன், நல்ல வேட்டைக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

இந்த அளவுகோலில்தான் இஷி மற்ற எல்லோரையும் தாண்டிப் போகிறார். யாஹி இனத்தின் கடைசி மனிதர். வடக்குக் கலிபோர்னியாவில் தங்கவேட்டைக் காலத்தில் வந்து குடியேறியவர்கள் அந்த இனத்தையே கொன்று ஒழித்தார்கள். எஞ்சிய சிலர் பல பத்தாண்டுகள் மலையில் மறைந்து வாழ்ந்தார்கள். எல்லோரும் போன பிறகு 1911 ஆகஸ்ட் 29 அன்று ஓரோவில் ஊரில் ஓர் இறைச்சிக்கூடத்தின் அருகே, பசியோடு, தன்னந்தனியாக அவர் வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். பக்கத்திலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் சாக்ஸ்டன் போப் அவருக்கு மருத்துவராகவும் நண்பராகவும் ஆனார், அவரிடமே வில் கற்றார். 1916 மார்ச் 25-ல் காசநோயால் இஷி இறந்தார். இன்றைய அமெரிக்க வில் வேட்டை முழுவதும் அந்தச் சில வருட நட்பிலிருந்து கிளைத்தது என்றால் மிகையில்லை.

போப் எழுதி வைத்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: பெரிய வட்ட இலக்கை வைத்துத் தூரத்தில் எய்யும் ஆங்கில முறைப் போட்டியில் இஷி சுமார்தான், போப்பே அவரை மிஞ்சினார். ஆனால் காடை அளவு சிறு இலக்கைக் கிட்டத்தில் வைத்தாலோ, உயிருள்ள இரை எதிரே வந்தாலோ கதை மாறிவிடும். அவர் வில் சுமார் 40 பவுண்டு வாக்கில்தான் இருந்தது. ஜூனிபர் மரம், முதுகில் மான் தசைநாண். குந்தி உட்கார்ந்து, வில்லைக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து, கட்டை விரலை மடக்கி நாணை இழுப்பார். நின்று எய்தால் புதருக்கு மேலே தலை தெரியும், நிமிர்ந்த வில் கிளையில் இடிக்கும்; அந்தக் காட்டுக்கு அந்த இருப்புதான் சரி. விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, மாட்டிக்கொண்ட முயல் குட்டி கத்துவது போலச் சத்தம் எழுப்புவார். முயல்களும் காட்டுப்பூனையும் என்னவென்று பார்க்கத் தாமாக அவர் பக்கம் வரும். மான் வேட்டைக்கு முந்தின நாளிலிருந்து புகை பிடிக்க மாட்டார், மீன் தின்ன மாட்டார், காலையில் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார். மானின் மூக்குக்குத் தன் வாடை போகக் கூடாது. எய்வது என்பது இந்த எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியில் வரும் சின்ன வேலை.

இதையே இன்னும் கூர்மையாகக் காட்டுபவர்கள் கலகாரி பாலைவனத்தின் சான் மக்கள். அவர்களுடைய வில் என் மாணவப் பிள்ளைகளின் வில் அளவுக்கு மெலிந்தது. அம்பும் சின்னது, இறகு கிடையாது. ஒரு வண்டினத்தின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை முனைக்குப் பின்னால் தடவுவார்கள். தைத்ததும் முன்பகுதி உள்ளேயே தங்கிக் காம்பு கழன்று விழும்படி அம்பைச் செய்திருப்பார்கள். ஆனால் நஞ்சு வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். பெரிய விலங்கு என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்த ஒற்றை விலங்கின் தடத்தை மற்ற தடங்களிலிருந்து பிரித்துப் படித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். அந்த மெலிந்த வில்லால் ஒட்டகச்சிவிங்கி வரை வீழ்த்தியிருக்கிறார்கள். தான்சானியாவின் இயாசி ஏரிப் பக்கம் ஹட்சா மக்களில் சிலர் இன்றும் வில்லால் வேட்டையாடிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வில் நேரெதிர், கனமானது. சிறுவர்கள் நடக்கத் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே கையில் வில் வந்துவிடும். "இன்றைய சிறந்த மரபு வில் வேட்டைக்காரர் யார்" என்று கேட்டால் பதில் அநேகமாக ஒரு ஹட்சாக்காரர். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

போப்பும் அவருடைய தோழர் ஆர்ட் யங்கும் 1925-ல் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கங்களை வில்லால் வேட்டையாடினார்கள். தைரியம் இருந்தது. ஆனால் அருகே துப்பாக்கி தயாராக நின்றது, பல தடவை அதுதான் முடித்தும் வைத்தது. அவர்கள் தரப்பே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. ஹில்லின் ஆப்பிரிக்க யானை வேட்டையையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன்: கனத்த வில்லால் என்ன முடியும் என்று காட்டியது, உணவுக்கான தேவை இல்லை.

ஃபிரெட் பேரை இன்னொரு விதமாக மதிப்பிட வேண்டும். 1902-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஆர்ட் யங்கின் அலாஸ்கா வேட்டைப் படத்தை 1920-களில் டெட்ராய்டில் பார்த்துவிட்டு வில்லை எடுத்தார். ஹில் அளவுக்குக் குறி உள்ளவர் என்று அவருடைய ரசிகர்களே சொல்ல மாட்டார்கள். ஆனால் பொறுமை, கிட்டே போவது, அடித்த விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடாமை ஆகியவற்றில் தேர்ந்தவர். 1963-ல் இங்கே இந்தியாவுக்கு வந்து ஒரு புலியையும் வில்லால் வீழ்த்தினார், அன்று உரிமம் வாங்கினால் சட்டப்படி செய்யலாம். எனக்கு அதைப் படிக்கும்போது மகிழ்ச்சி வருவதில்லை. அவருடைய பெரிய சாதனை விலங்குகள் இல்லை. மரமும் கண்ணாடி இழையும் சேர்த்து ஒட்டி, உடையாத, ஒரே தரமான ரிகர்வ் வில்லை ஆயிரக்கணக்கில் செய்து சாதாரணச் சம்பளக்காரர் கைக்குக் கொண்டுவந்தது. காம்பவுண்ட் வில்லுக்கு 1969-ல் ஹாலஸ் ஆலன் காப்புரிமை பெற்று அமெரிக்காவே கப்பி வில்லுக்கு மாறிய பிறகும் மரபு வில் அழியாமல் இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பழைய ஆட்கள் பிறவியில் உயர்ந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு இருந்தது ஆரம்பித்த வயதும் தேவையும். அதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ராஜஸ்தான் உதய்ப்பூர்ப் பக்கம் மூங்கில் வில்லால் சிறு பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாடி வளர்ந்த பழங்குடிப் பையன் லிம்பா ராம் 1987-ல் அரசாங்கத் தேர்வில் கண்டுபிடிக்கப்பட்டார். அடுத்த வருடமே ஒலிம்பிக் போனார். 1992-ல் பெய்ஜிங்கில் 30 மீட்டரில் 360-க்கு 357 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். காட்டில் பழகிய கண்ணும் அசையாத இடக்கையும் ஏற்கெனவே இருந்தன. புது வில்லின் முறையை மட்டும் கற்றுக்கொண்டார். அப்படி ஆயிரம் லிம்பா ராம்கள் வாழ்ந்த காலம்தான் நாம் கதையாகக் கேட்கும் பழைய காலம். திறமை குறையவில்லை, திறமை விளையும் நிலம் சுருங்கிவிட்டது.

என் வரிசை கேட்டால்: ஒரே இடத்தில் நின்று குறி தப்பாமல் எய்வதில் ஃபோர்டு. உடலும் மனமும் சேர்ந்து தாக்குப்பிடிப்பதில் வாசா. எல்லா வகையும் சேர்த்து ஒரே ஒரு வில்லாளியைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் வாசாவின் பெயரைத்தான் சொல்வேன். உங்கள் ஐந்து பேருக்குள் மட்டும் என்றால், எய்வதில் ஹில் முதல், ஃபெர்குசன் இரண்டாவது, ஆண்டர்சன் மூன்றாவது. ஃபிரெட் பேர் இந்தப் போட்டியிலேயே இல்லை. வேட்டையில் இஷி முதல், வெகுதூரம் தள்ளி ஃபிரெட் பேர், அதன் பிறகு ஹில். இதில் ஃபோர்டும் வாசாவும் பற்றி நான் உறுதியாக இருக்கிறேன். ஹில்லா ஃபெர்குசனா என்பதில் யாராவது நல்ல ஆதாரத்தோடு வந்தால் மாற்றிக்கொள்வேன்.

நீங்கள் இனிமேல் பார்க்கும் ஒவ்வொரு காணொளியிலும் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். வில் எத்தனை பவுண்டு, நாண் எதுவரை இழுபட்டது, தூரம் என்ன, வெட்டாமல் தொடர்ந்து எத்தனை அம்பு காட்டினார்கள். இந்த நான்கும் சொல்லப்பட்டிருந்தால் அந்த ஆளை மற்றவர்களோடு ஒப்பிடலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது தைத்த அம்பை மட்டும்தான், தப்பியவை எத்தனை என்று தெரியாது. வாசாவின் கணக்கில் தப்பிய 4,920 அம்பும் இருக்கிறது.